விருந்துக்கு ஸ்டார்ட்டர் கொண்டுபோகிறீர்களா? வாங்கும்போதே கொஞ்சம் கவனியுங்கள்

கேள்வி: கிறிஸ்துமஸ் அன்று இரவு மதுரை எல்லிஸ் நகரில் தோழி வீட்டில் விருந்து. பிரியாணி, குழம்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு, சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்க நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். 15 பேர் வருவார்கள். அன்றைக்கு மதியம் வரை எனக்கு வேலை. சிக்கன் 65, கட்லெட் என்று கடையில் பார்சல் வாங்கிவிடலாமா? செலவு கையைக் கடிக்கக் கூடாது.
(வாசகி, திருமங்கலம்)

பதில்: பார்சல் வேண்டாம். காசு கூடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. திருமங்கலத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாங்கி, பஸ் ஏறி எல்லிஸ் நகர் போய், எல்லாரும் வந்து உட்காருவதற்குள் எட்டு ஆகிவிடும். சமைத்த இறைச்சியை சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், மூடிய பார்சலுக்குள் இருக்கும் வெதுவெதுப்பு அதற்குத் தோதான சூடு. மொறுமொறுப்பும் போயிருக்கும். சரி, உறைந்த கட்லெட் வாங்கி அங்கே பொரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், விருந்து நடக்கிற வீட்டில் அந்த நேரத்தில் ஒரு அடுப்புகூட சும்மா இருக்காது. தோழியின் அடுப்படியில் போய் எண்ணெய்ச் சட்டி வைக்க இடம் கேட்பது அவருக்கு உதவி இல்லை, கூடுதல் வேலை.

சூடு தேவைப்படாததாக, கடைசி வேலையை மட்டும் அங்கே போய்ச் செய்கிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் முதல் வாக்கு சேலத்துத் தட்டுவடை செட்டுக்கு. இரண்டு சின்னத் தட்டைகளுக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், ஒரு பக்கம் கொத்தமல்லி-புதினாச் சட்னி, மறுபக்கம் பூண்டு-மிளகாய்ச் சட்னி. அவ்வளவுதான். குழந்தைகளும் விரும்பித் தின்பார்கள், சைவம் சாப்பிடுகிறவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை.

தட்டை வாங்கும்போது எடையைப் பார்த்து வாங்காதீர்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். ஆளுக்கு மூன்று செட் என்றால் 15 பேருக்கு 45 செட், அதற்கு 90 தட்டை வேண்டும். முதலில் ஒரு பாக்கெட் வாங்கிப் பிரித்து எத்தனை இருக்கிறது, எத்தனை உடைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிற பெரிய தட்டை இதற்கு ஆகாது. ஒரே வாயில் போடுகிற அளவுதான் சரி. பாக்கெட்டில் தயாரித்த தேதி, எதற்குள் சாப்பிட வேண்டும் என்கிற விவரம், நிகர எடை, அதிகபட்ச விலை, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் எல்லாம் இருக்க வேண்டும். கண்ணாடி ஜாடியிலிருந்து அள்ளிக் கொடுக்கிற கடையில் வாங்கினால் ஒன்றைக் கேட்டு வாங்கி முகர்ந்து பாருங்கள், கடித்தும் பாருங்கள். சிக்கு வாடை அடித்தாலோ, தொண்டையில் காறினாலோ, எண்ணெய் கெட்டுவிட்டது என்று அர்த்தம், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து பலகாரத்தில் ஒட்டும், செய்தித்தாளில் உணவைச் சுற்றிக் கொடுக்கவே கூடாது என்பதுதான் விதி. மூடி இறுக்கமாக இருக்கிற எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுபோய்விட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

காய்களை முந்தின நாள் காலையில் உழவர் சந்தையில் வாங்குவது நல்லது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறந்ததுதான், அதனால் நம்மூர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள், பேரம் பேசுகிற சிரமம் கிடையாது. பண்டிகை நேரத்தில் வெளியே கேரட் விலை என்ன ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் அந்தப் பலகை உதவும்.

காய்களைத் துருவிப் பிழிந்து தனித்தனி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பீட்ரூட்டை மற்றதோடு கலந்தால் எல்லாம் சிவந்துபோகும். சட்னியில் தண்ணீர் விடாமல் ஒரு கை பொட்டுக்கடலை சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். இதில் தேங்காய் சேர்க்காதீர்கள், சீக்கிரம் ஊசிவிடும். எலுமிச்சம்பழமும் உப்பும் அங்கே போய்ச் சேர்த்தால் போதும். முக்கியமாக, வீட்டிலேயே செட் போட்டு அடுக்கிக் கொண்டுபோகாதீர்கள், பத்து நிமிடத்தில் தட்டை நமத்துப்போகும். பரிமாறும் நேரத்தில் அங்கிருக்கும் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட வைத்துக்கொண்டு போட்டால் கடகடவென்று முடிந்துவிடும்.

இன்னொன்றும் வேண்டும் என்றால் வேர்க்கடலையை வேகவைத்து, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி போட்டுக் கிளறிய மசாலா. டிசம்பரில் மாங்காய் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை கடிக்கும், எலுமிச்சை பிழிந்தாலே போதும். கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது வருகிறார்களா என்று தோழியிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

மதுரைப் பெருமையாக முள்ளுமுருங்கை வடை வாங்கிப்போகலாமா என்று உங்களுக்கு ஆசை வரலாம். எனக்கும் அது உயிர். ஆனால் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு இட்லிப் பொடி தூவித் தின்கிற பண்டம் அது, டப்பாவில் அடைத்து ஊர் தாண்டி எடுத்துப்போனால் தோல்மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: போன தீபாவளிக்கு ஒரு கடையில் ஒரு கிலோ மிக்சர் வாங்கினேன், கிலோ 600 ரூபாய். வீட்டில் நிறுத்துப் பார்த்தால் அட்டைப்பெட்டி மட்டும் 80 கிராம். பெட்டியோடு சேர்த்துத்தான் நிறுத்திருக்கிறார்கள். கேட்டால் எல்லாக் கடையிலும் இப்படித்தான் என்கிறார்கள்.
(வாசகர், மேலூர்)

பதில்: எல்லாக் கடையிலும் செய்தாலும் தப்பு தப்புதான். நிகர எடை என்பது பண்டத்தின் எடை மட்டும், பெட்டி அதில் சேராது. உங்கள் கணக்கில் 48 ரூபாயை அட்டைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இனிமேல் காலிப் பெட்டியைத் தராசில் வைத்து முள்ளையோ எண்ணையோ பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு பண்டத்தைப் போடச் சொல்லுங்கள், கூட்டமாக இருந்தாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். மறுத்தால் பில்லை வாங்கிவைத்துக்கொண்டு 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். நம் மாநிலத்தில் எடையளவு விஷயங்களைத் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது, அங்கேயும் புகார் கொடுக்கலாம். பில் இல்லாவிட்டால் நிரூபிப்பது சிரமம். உதிரியாக விற்கிற இனிப்பு வாங்கினால் இன்னொன்றும் கவனியுங்கள்: 2020 அக்டோபர் 1 முதல் தட்டில் வைத்து விற்கிற இனிப்புக்கும் எதற்குள் சாப்பிட வேண்டும் என்கிற தேதியை எழுதிவைக்க வேண்டும் என்பது கட்டாயம். பால் இனிப்புக்கு அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: புத்தாண்டு விருந்துக்கு என் மகள் காய் வெட்டி மயோனைஸ் தொட்டுச் சாப்பிடுகிற மாதிரி கொண்டுபோகலாம் என்கிறாள். கடையில் கப்பில் அடைத்துத் தருவதை வாங்கலாமா?
(வாசகி, வாடிப்பட்டி)

பதில்: வேண்டாம்மா. பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததே அது எளிதில் கெட்டு, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருக இடம் கொடுக்கிறது என்பதால்தான். கப்பில் வழித்துத் தருவது எந்த முட்டையில், எப்போது செய்தது என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முட்டை சேராதது என்று அச்சிட்ட, பச்சைப் புள்ளி போட்ட சீலிட்ட பாக்கெட்டை வாங்கி, அங்கே போய்ப் பிரியுங்கள். நான் சொன்னால் அதுவும் தேவையில்லை: கெட்டித் தயிரை இரவு மெல்லிய துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் வடியவிட்டு, காலையில் பூண்டு, மிளகு, உப்பு, பொடியாக நறுக்கிய புதினா சேர்த்து அடித்தால் வெள்ளரிக்கும் கேரட்டுக்கும் நன்றாகச் சேரும். கிளம்பும்வரை ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.