பாதியில் எழுந்து போனது படத்தின் குற்றமில்லை

தம்பி, கல்லூரி அரங்கில் பிரெஞ்சுப் படம் போட்டதும் 20 நிமிடத்தில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், முதல்வரோ உரிமம் எங்கே என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மனசு விட்டுடாதீங்க.

முதல்வரிடம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஜே) பிரிவைக் காட்டுங்கள். கல்லூரிச் செயல்பாடாக, மாணவர், ஆசிரியர், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்க்கும் திரையிடலுக்கு அதில் விலக்கு உண்டு. ஊரைக் கூப்பிட்டால் அது பொருந்தாது.

கூட்டம் கலைந்ததற்கு ஆங்கில சப்டைட்டில்தான் காரணம் என்பேன். தமிழ் வழியில் படித்த பிள்ளை பாதி வரி படிப்பதற்குள் அது மறைந்துவிடும். சப்டைட்டில் வரிகளும் அவை தோன்றும் நேரமும் இருக்கும் எஸ்ஆர்டி (.srt) கோப்பை நோட்பேடில் திறந்து, நேர எண்களைத் தொடாமல், வசனத்தை மட்டும் தமிழில் எழுதுங்கள். தமிழ் எழுத்துகளை ஏற்கும் யுடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில் சேமிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் திரை முழுக்கக் கேள்விக்குறிதான் வரும். நாலு பேர் பிரித்துக்கொண்டால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். எழுத்தைப் பெரிதாக்கி, முன்வரிசைத் தலைகள் மறைக்காத உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

அடுத்ததாக ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) போடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். ஒரே ஜோடி ஷூவை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுவதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.