அடித்துப் பழக்கிய உருப்படி

கேள்வி: நாங்கள் படித்த காலத்தில் வாத்தியார் கையில் பிரம்பு இருந்தது, பிள்ளைகளிடம் ஒழுக்கமும் இருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் ஒரு வாரமாக வீட்டுப்பாடம் எழுதவில்லை. நானே பள்ளிக்கூடம் போய், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க" என்று சொன்னேன். "கேஸ் ஆயிருமுங்க" என்று ஆசிரியர் கையெடுத்துக் கும்பிடுகிறார். அடியாத மாடு படியாது என்பது சட்டம் போட்டவர்களுக்குத் தெரியாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காங்கேயம்.

பதில்: இந்தப் பழமொழியை வேறு ஊர்க்காரர் யாராவது எழுதியிருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். காங்கேயத்திலிருந்து வந்ததால்தான் விட மனம் வரவில்லை.

எங்கள் அப்பாரு மாடு பழக்கியவர். புதுக்காளையை முதன்முதலில் ஏரில் பூட்டும்போது பழகின எருதுக்கு ஜோடியாகத்தான் பூட்டுவார். அது திரும்பினால் இது திரும்பும், அது நின்றால் இதுவும் நிற்கும். தார்க்குச்சி கையில் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்கு என்னைக் கூட்டிப் போனால் அவர் மாடு பார்க்கிற விதமே தனி. சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார், அப்புறம் சட்டென்று கையை ஓங்குவார். மாடு மிரண்டு பின்னால் போனால் முடிந்தது கதை. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற வரைக்கும் போகவே மாட்டார். "அடிச்சுப் பழக்குன உருப்படி, கண்ணு. அடிக்கிறவன் கண்ணுல படற வரைக்குந்தான் வேலை செய்யும்" என்பார்.

சரி, சட்டத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் "அந்தக் காலத்திலும்" வாத்தியார் நினைத்தபடி அடிக்க அனுமதி இருந்ததில்லை, பெரியவரே. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51-ஆவது விதி என்று ஒன்று உண்டு. வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசமாகப் பேசுவது அல்லது நடப்பது, அப்பட்டமாகக் கீழ்ப்படிய மறுப்பது போன்ற குற்றங்களுக்கு மட்டும்தான் அது அடியை அனுமதித்தது. அதுவும் உள்ளங்கையில் ஆறு அடிக்கு மேல் கூடாது, தலைமை ஆசிரியர் அடிக்க வேண்டும் அல்லது அவர் பார்வையில் நடக்க வேண்டும். வாய்ப்பாடு மறந்ததற்கும் வீட்டுப்பாடம் எழுதாததற்கும் நாம் முட்டியில் வாங்கிய அடியெல்லாம் விதியை மீறிய அடிதான். இந்த ஆறு அடியையும் 2003-ல் எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம், 17-ஆவது பிரிவில், உடலை மட்டுமல்ல, மனத்தை வதைப்பதையும் தடை செய்தது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். வெள்ளைக்காரன் 1864-ல் சாட்டையடிக்கென்றே ஒரு சட்டம் போட்டான். திருடினவனை நீதிமன்றமே சாட்டையால் அடிக்கச் சொல்லலாம். நாகரிக நாட்டுக்கு இது அழகில்லை என்று 1955-ல் அந்தத் தண்டனையை ஒழித்தோம். ஆக, திருடனின் முதுகு 1955-லேயே தப்பித்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உள்ளங்கை தப்பிக்க மேலும் 48 வருஷம் ஆனது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. திரும்ப அடிக்க முடியாதவரைத்தான் அடிக்கிறோம். என்னோடு ஐந்தாம் வகுப்பில் ஜின்னிங் மில்காரர் மகன் ஒருவன் இருந்தான். கணக்கில் அவனும் என்னைப் போலத்தான். ஆனால் அவன் மேல் ஒரு நாளும் பிரம்பு பட்டதில்லை. தறிக்காரர் மகனுக்குத் தினமும் விழுந்தது. ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. தறிக்குப் போய்விட்டான் என்றார்கள். வாத்தியார் வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்தார். அந்தக் காலத்து ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடைசி வரைக்கும் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் எண்ணுகிறார்கள்.

அப்படி உட்கார்ந்து அடி வாங்கித் தேறிய தலைமுறைதான் நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணியைத் திறந்துவிட்டது. உங்கள் பக்கத்து ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்திருப்பீர்கள். பாசனத்துக்குக் கட்டியதில் சாயக்கழிவு தேங்கி நின்றது. பிரம்படி அங்கே என்ன கற்றுக்கொடுத்தது? 2011-ல் சாய ஆலைகளை மூடு, மின்சாரத்தைத் துண்டி என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் அசைந்தார்கள். அதுவும் தண்டனைதானே என்பீர்கள். தண்டனைதான், நான் தண்டனையே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. யாரையும் தொடாமல் தண்டித்தார்கள் என்பதைத்தான் காட்டுகிறேன். பேரனின் செல்போனை ஒரு வாரம் பிடுங்கி வையுங்கள். எதையாவது உடைத்தால் அவனையே சரி செய்ய வைக்கலாம். அடியும் வலிக்காது, கேஸும் ஆகாது.

ஆசிரியரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பிரம்பைப் பிடுங்கிய அரசு அதற்குப் பதிலாக அவர் கையில் என்ன கொடுத்தது என்பது நியாயமான கேள்வி. அதே 2009 சட்டத்தில் ஆரம்பப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரைக்கும் 35 பேருக்கு ஒருவர் என்றும் எழுதியிருக்கிறது. உங்கள் பேரன் வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் அதற்காகப் பள்ளிக்கூடம் போங்கள், நானும் வருகிறேன். ஆனால் நாம் அதற்குப் போவதில்லை. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்குப் பணம் கட்டப் போனாலும், "ஸ்ட்ரிக்டா இருப்பீங்களா?" என்பதுதான் நம் முதல் கேள்வி.

தோலை உரிக்கிற வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவேளை நினைத்தால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரே அதை வதைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். தாத்தா என்று விதிவிலக்கு எதுவும் அதில் இல்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வாத்தியார் இருக்கிறார், பிரம்பு இருக்கிறது, மாடு கூட இருக்கிறது. ஒரு வாரமாக அந்தப் பையன் எழுதாமல் விட்டது எந்தப் பாடம் என்று மட்டும் அதில் இல்லை.