மழைக்காலத்தில் ஆர்க்கிட் செடிகளை வீட்டுக்குள் எடுத்து வைக்கலாமா?

கேள்வி: சென்னையில் மொட்டைமாடியில் நிழல்வலைக்குக் கீழே டென்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ், வாண்டா வளர்க்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இலைகள் கறுத்து உதிர்கின்றன. எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுபோய்விடலாமா?

பதில்: வேண்டாம். அடைத்த அறையில் காற்றோட்டம் இருக்காது, வெளிச்சமும் போதாது. நனைந்த செடி அங்கே இன்னும் சீக்கிரம் அழுகும். மழைத்தண்ணீரால் ஆர்க்கிட்டுக்குக் கெடுதல் இல்லை. நம் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் வாண்டா டெசலேட்டா, பருவமழை முழுவதையும் கூரையில்லாமல்தான் தாங்குகிறது. வேர்கள் காற்றில் கிடப்பதால் மழை விட்டதும் அவை உலர்ந்துவிடுகின்றன. தொட்டிச் செடிக்கு அந்த வசதி இல்லை. வேரும் குருத்தும் எவ்வளவு நேரம் ஈரத்தில் கிடக்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சென்னைக்கு இரண்டு விதமான மழை உண்டு. ஆடி, ஆவணியில் மாலையில் இடியோடு கொட்டிவிட்டு, மறுநாள் காலையில் வெயில் அடிக்கும். அந்த மழையில் டென்ட்ரோபியமும் வாண்டாவும் தாராளமாக நனையட்டும். கோடை முழுவதும் ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றியதில் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதைக் கழுவிவிட மழைநீரைவிட நல்லது எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை அப்படிப்பட்டதல்ல. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் நாள்கணக்கில் சூரியனையே பார்க்க முடியாது. அழுகல் நோய் அப்போதுதான் பரவுகிறது. வானிலை அறிவிப்பு வந்தவுடன் செடிகளைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள்.

கூரை என்று நான் சொல்வது, மேலே சரிவாகக் கட்டிய ஒளி புகும் பாலிகார்பனேட் தகடு. நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். நிழல்வலை மழையைத் தடுக்காது. மழை நின்ற பிறகும் வலையில் தங்கிய நீர் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே ஒரு குருத்து இருந்தால் போதும், அது இரவெல்லாம் நனையும்.

ஃபெலனாப்சிஸை எந்த மழையிலும் விடாதீர்கள். மரத்தில் வளரும்போது அது பக்கவாட்டில் சாய்ந்து இலைகளைத் தொங்கவிட்டிருக்கும். நடுவில் விழும் தண்ணீர் தானாக வழிந்துவிடும். நாம் தொட்டியில் நிமிர்த்தி நட்டுவிடுகிறோம். இலைகள் கூடும் குழியில் ஒரு தேக்கரண்டி நீர் தங்கினாலே ஆபத்துதான், ஏனென்றால் அதற்கு இருப்பது ஒரே குருத்து. தொட்டியைச் சாய்த்து வையுங்கள். மாலையில் அந்தக் குழியைப் பாருங்கள். ஈரம் இருந்தால் மெல்லிய காகிதத்தைத் திரித்து உள்ளே விட்டு ஒற்றி எடுங்கள்.

தண்ணீர் ஊற்றுவதற்கு நாள் கணக்கு வேண்டாம். வேரின் மேலுறை காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைந்திருந்தால் பச்சை. மேலே தெரியும் வேர் வெளுத்திருக்க வேண்டும், தொட்டியும் கையில் எடுத்தால் லேசாக இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் காலை வேளையில் ஊற்றலாம். தொட்டிக்குள் தேங்காய் மட்டைதான் அதிகம் என்றால் அது மழைக்காலத்தில் ஈரத்தை விடவே விடாது. அடுத்த ஆண்டு மழைக்கு முன்பே அடுப்புக்கரியும் ஓட்டுத்துண்டும் போட்டு மாற்றி நடுங்கள்.

இனி உங்கள் கறுத்த இலைகள். கறுப்புப் படை அடியிலிருந்து மேலே ஏறி, ஓரத்தில் மஞ்சள் வளையம் தெரிந்தால் பெரும்பாலும் அது ஃபைட்டோப்தோரா அல்லது பித்தியம் என்னும் பூஞ்சை போன்ற நோய்க்கிருமி. இவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் பரவுபவை. எல்லா அழுகலுக்கும் கார்பென்டாசிம் தெளிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இவற்றின் மீது அது வேலை செய்யாது. மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் கலந்த மருந்தைக் கேட்டு வாங்கி, உறையில் உள்ள அளவுப்படி தெளியுங்கள். இலை வெந்ததுபோல் நீர்கோத்து, தொட்டால் குழைந்து, துர்நாற்றம் வீசினால் அது பாக்டீரியா. அதற்குக் கத்திதான் முதல் மருந்து. நல்ல பச்சைப் பகுதி வரை சேர்த்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியைத் தீயில் காட்டுங்கள். வெட்டுவாயில் சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைப் பொடி தடவலாம், வேரில் மட்டும் படக்கூடாது; அது வேரை உலர்த்திவிடும். செம்பு கலந்த மருந்துகளை டென்ட்ரோபியத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், இளந்தளிர் கருகிவிடும்.

வேர் நுனியின் பச்சை முனை கடிபட்டிருந்தால் பெரும்பாலும் நத்தைதான். இருட்டிய பிறகு டார்ச் விளக்கோடு தொட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் உரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

தொடர்மழை முடிந்து பளிச்சென்று வெயில் வரும் முதல் நாளில் கூடுதல் கவனம் வேண்டும். மேகமூட்டத்துக்குப் பழகிய இலைகள் அந்த வெயிலில் வெந்துவிடும். கூரைக்குக் கீழே நகர்த்திய செடிகளை உடனே பழைய இடத்துக்குக் கொண்டுபோகாமல், முதலில் காலை வெயில் மட்டும் படும் பக்கத்தில் சில நாட்கள் வைத்திருங்கள்.