விஞ்ஞானியாகும் ஆசை எங்கிருந்து வருகிறது? கேள்வி பதில்

பள்ளி மாணவி: ஐயா, சிறுவயதில் திசைகாட்டியைப் பார்த்து ஐன்ஸ்டைன் வியந்துபோனாராம். எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை. நான் விஞ்ஞானியாக முடியாதா?

பதில்: தாராளமாக முடியும் அம்மா. திசைகாட்டிக் கதை உண்மைதான். நான்கைந்து வயதில் தந்தை காட்டியதாக அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அதை எழுதியபோது அவருக்கு வயது 67. அத்தனை ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தால், சிறியதொரு நிகழ்ச்சிகூடத் தொடக்கப்புள்ளியாகத் தெரியும். திசைகாட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு விளையாடப் போன பிள்ளைகள் எத்தனை பேரோ! அவர்கள் கதையை யாரும் எழுதுவதில்லை. ஆகவே 'அந்த ஒரு கணம்' உங்களுக்கு வரவில்லையே என்று ஏங்க வேண்டாம்.

கல்லூரி மாணவர்: தூண்டுவது புத்தகமா, ஆசிரியரா?

பதில்: இரண்டும் சேர்ந்து வேலை செய்ததற்கு மைக்கேல் ஃபாரடேயைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவர் கொல்லர் மகன். பள்ளிப் படிப்பு சொற்பம். புத்தகம் பைண்ட் செய்யும் கடையில் தொழில் பழகியபோது, பைண்டிங்குக்கு வந்த நூல்களையே படித்தார். அவற்றில் ஒன்று ஜேன் மார்செட் என்ற பெண்மணி சாமானியர்களுக்காக எழுதிய வேதியியல் நூல். படித்ததோடு நிற்காமல், கையிலிருந்த சில்லறைக்குள் அடங்கிய சோதனைகளைத் தாமே செய்து பார்த்தார். 1812இல் கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டால் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, அழகாக பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பி வேலை கேட்டார். உடனே இடம் கிடைக்கவில்லை. 1813இல் அங்கிருந்த உதவியாளர் ஒருவர் அடிதடியில் இறங்கி வேலையை இழந்தார். அந்த இடம் ஃபாரடேக்கு வந்தது. காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கும் மின்காந்தத் தூண்டலை அவர் கண்டறிந்த 1831 வரை பார்த்தால், இந்த வரலாற்றில் அடிதடிக்கும் ஒரு பங்கு உண்டு!

நூல் ஆசையை மூட்டியது, டேவி கதவைத் திறந்தார். கதவைத் தட்டும் துணிவு மட்டும் ஃபாரடேயின் சொந்தச் சரக்கு.

ஒருவர்: நோபல் பரிசு ஆசை போதாதா?

பதில்: போதாது. மக்காச்சோளத்தின் மரபணுக்களில் சில இடம்விட்டு இடம் தாவுவதை பார்பரா மெக்லின்டாக் 1940களிலேயே கண்டார். பரிசு வந்தது 1983இல், 81 வயதில். இடைப்பட்ட காலத்தைப் பரிசை நினைத்து ஓட்ட முடியுமா?

செவிலியர்: நோயையும் மரணத்தையும் பார்த்து ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் உண்டா?

பதில்: உண்டு. கெர்ட்ரூட் எலியனுக்கு 15 வயதானபோது அவருடைய தாத்தா புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம்தான் அவரை வேதியியலுக்குக் கொண்டுவந்தது. பட்டம் பெற்ற பிறகும் ஆய்வகங்கள் பெண் என்பதால் ஒதுக்கின. ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலையைக்கூட அவர் செய்திருக்கிறார். ரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோப்யூரின் மருந்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெறாமலே 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். துயரம் வழிகாட்டியது என்பது சரி. ஆனால் ஒவ்வொரு சேர்மமாக மாற்றி மாற்றிச் சோதிக்கும் அந்த நீண்ட வேலை பிடித்திருக்காவிட்டால், துயரம் மட்டும் அவரை அவ்வளவு தூரம் நடத்தியிருக்காது என்பது என் எண்ணம்.

ஒரு தந்தை: என் மகனை விஞ்ஞானியாக்க என்ன வாங்கித் தரலாம்?

பதில்: முதலில் 'ஆக்க' நினைப்பதை விடுங்கள். சார்லஸ் டார்வினை மருத்துவராக்கத் தந்தை முயன்றார். மயக்கமருந்து இல்லாத அக்கால அறுவைச் சிகிச்சையைப் பார்க்கப் பொறுக்காமல் மகன் வெளியேறினார். பாதிரியாராக்கக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். மகன் அங்கே வண்டு பிடித்தார். கைக்கொன்றாக அரிய வண்டுகள் இருக்க, மூன்றாவதைக் கண்டதும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அது பீய்ச்சிய காரத்தில் துப்பிவிட்ட கதையை அவரே எழுதியிருக்கிறார். உலகைச் சுற்றக் கிளம்பிய பீகிள் என்ற ஆய்வுக் கப்பலில் போவதையும் தந்தை முதலில் மறுத்தார். மாமா எடுத்துச் சொன்ன பிறகே சம்மதித்தார்.

உங்கள் மகனுக்கு எதில் நேரம் போவதே தெரியவில்லை என்று சில மாதங்கள் கவனியுங்கள். சோதனைக் கருவிப் பெட்டி வாங்குவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.