வாசகர் கேள்வி - பதில்: மக்காச்சோளமும் அஃப்ளடாக்சினும்

ஆப்பிரிக்காவில் மக்காச்சோள வயலில் பூஞ்சையைத் தூவியே பூஞ்சை நஞ்சைக் குறைக்கிறார்களாமே, உண்மையா?
- வாசகர், பெரம்பலூர்

உண்மைதான். அந்த நஞ்சின் பெயர் அஃப்ளடாக்சின். அதை உண்டாக்குவது பெரும்பாலும் அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை. ஆனால் அந்த இனத்தில் எல்லாமே நஞ்சு சுரப்பதில்லை. நஞ்சுக்கான மரபணு பழுதாகவோ இல்லாமலோ போன வகைகளும் அதே மண்ணில் இயற்கையாகவே இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்துப் பெருக்கி, பூ வருமுன் வயலில் நிறைத்துவிட்டால், கதிருக்குள் முதலில் இடம் பிடிப்பது அவைதான். நஞ்சு வகைக்கு இடம் கிடைக்காது. பூஞ்சை வயலை விட்டுப் போவதில்லை, ஆள்தான் மாறுகிறது.

நைஜீரியாவின் இபாடானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் சேர்ந்து இப்படி உருவாக்கிய தூவு பொருள்தான் 'அஃப்ளாசேஃப்'. கென்யாவில் 2004-ல் நஞ்சேறிய மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். அந்த நாட்டுக்கென்று தனி அஃப்ளாசேஃப் பின்னர் வந்தது. செனகலுக்கு வேறு. ஒரு நாட்டு மண்ணில் எடுத்த வகையை இன்னொரு நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு தூவுவதில்லை. முறையாகத் தூவிய வயல்களில் நஞ்சு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது.

எவ்வளவு, எப்போது, எப்படித் தூவ வேண்டும்? சிலருக்குப் பலன் தரவில்லை என்கிறார்களே?
- வாசகர், உடுமலைப்பேட்டை

ஹெக்டேருக்கு 10 கிலோ, அதாவது ஏக்கருக்கு 4 கிலோ. சதுர மீட்டருக்கு ஒரு கிராம்தான் வரும், ஏறக்குறைய 30, 40 சோள மணி. 'இவ்வளவு கொஞ்சமா' என்று தோன்றும். அந்த மணிகள் பூஞ்சைக்குத் தீனி மட்டுமே. முளைக்காதபடி வறுத்த சோளத்தின் மேல் பூஞ்சை வித்துகளைப் பூசி, உணவுத் தானியத்தோடு கலந்துவிடாமலிருக்க நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். ஈரம் பட்டதும் ஒவ்வொரு மணியின் மேலும் பச்சை நிறத்தில் பொடி பூக்கும். அங்கிருந்து காற்றில் கிளம்பும் வித்துகள்தான் கதிரின் மீசைக்குப் போய்ச் சேருகின்றன.

பூ வருவதற்கு 2, 3 வாரம் முன்பு தூவ வேண்டும். 50-55 நாளில் பூக்கும் ரகமென்றால் 30-லிருந்து 40-ஆம் நாளுக்குள். களை எடுத்து, மண் அணைத்து முடித்த பிறகு, ஈர மண்ணில், பயிருக்கு அடியில் விழும்படி கையாலேயே வீசிவிடலாம். முகத்தில் துணியும் கையில் உறையும் வேண்டும்.

பலன் தராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பக்குவம் தவறுவதுதான். காய்ந்த மண்ணில் போட்டால் வித்து முளைக்காது, எறும்பும் பறவையும் மணியைத் தின்றுவிடும். தூவிய பின் மண் அணைத்தால் மணி புதைந்துபோகும், வித்து காற்றுக்கு வராது. கனமழையோ வெள்ளப் பாய்ச்சலோ அடித்துக்கொண்டு போய்விடும். மீசை வந்த பிறகு போடுகிறவர்களும் உண்டு. அதற்குள் நஞ்சு வகை உள்ளே நுழைந்திருக்கும்.

இன்னொன்று: இது அஃப்ளடாக்சினுக்கு மட்டும். ஃபியூசேரியம் என்ற வேறு பூஞ்சை தரும் ஃபியூமோனிசின் என்ற நஞ்சை இது தடுக்காது. படைப்புழுவும் தண்டுத் துளைப்பானும் குடைந்த கதிரில்தான் அந்த நஞ்சும் அதிகம். அதனால் புழுவைக் கட்டுப்படுத்தும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

புற ஊதா விளக்கில் மஞ்சள் பச்சையாக மின்னும் மக்காச்சோளத்தை ஒதுக்கிவிடுகிறோம். அது போதாதா?
- தீவன ஆலை வாசகர், நாமக்கல்

போதாது. அந்த மினுக்கம் அஃப்ளடாக்சினுடையது அல்ல. பூஞ்சை சுரக்கும் கோஜிக் அமிலம் பயிரின் நொதியோடு சேர்ந்து வருவது. நஞ்சில்லாத வகையும் அந்த அமிலத்தைச் சுரக்கலாம். ஆகவே அஃப்ளாசேஃப் தூவி விளைந்த நல்ல சரக்கும் மின்னலாம். மின்னாத சரக்கிலும் நஞ்சு இருக்கலாம். எலைசா என்ற ஆய்வகச் சோதனையிலோ பட்டைச் சோதனையிலோ நஞ்சின் அளவு பாருங்கள். அதைவிட முக்கியம் மாதிரி எடுப்பது: நஞ்சு சில மணிகளில்தான் குவிந்திருக்கும். ஒரே மூட்டையின் மேல்வாயில் ஒரு கைப்பிடி எடுத்தால் சோதனையே வீண். பல மூட்டைகளில், பல ஆழங்களில் கம்பி விட்டு எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துக் கலக்கிய பிறகுதான் சோதிக்க வேண்டும்.

கிடங்கில் உள்ள மக்காச்சோளத்தில் அஃப்ளாசேஃப் தூவினால் நஞ்சு போகுமா?
- வாசகர், திண்டுக்கல்

போகாது. ஏற்கெனவே உருவான நஞ்சை இது உடைப்பதில்லை, வேகவைத்தாலும் அது முழுதாக அழிவதில்லை. கிடங்குக்கு வேண்டியது வேறு. அறுத்ததும் வெறுந்தரையில் குவிக்காமல் தார்ப்பாயில் காயவைத்து, ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே வந்த பின் மூட்டை பிடியுங்கள். உடைந்த, நிறம் மாறிய மணிகளைப் பிரித்தெடுத்தாலே நஞ்சில் நல்ல பங்கு குறையும்.

கடையில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கொடுத்து 'கதிரில் நஞ்சு வராது' என்கிறார்கள். நம்பலாமா?
- வாசகர், விருதுநகர்

விதை, வேர் அழுகலுக்கு விதை நேர்த்தியாக அதைப் பயன்படுத்துங்கள், நல்ல பொருள்தான். கதிரில் நஞ்சைத் தடுக்கும் என்பது வேறு பேச்சு. இந்தியாவில் உயிரிப் பூஞ்சைக்கொல்லிக்கும் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். பாக்கெட்டில் பதிவு எண் இருக்கிறதா, எந்தப் பயிருக்கு, எந்த நோய்க்கு என்று அச்சிட்டிருக்கிறார்கள் என்பதைப் படித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.