மங்கோலியக் கூடாரத்தில் சைவ உணவுக்காரர் தங்குவது பற்றி

வணக்கம். ஜூலையில் மேய்ச்சல் குடும்பம் ஒன்றுடன் இரண்டு இரவுகள் தங்கவிருப்பதாகவும், சைவரான நீங்கள், அவர்கள் தருவதை மறுத்தால் மனம் புண்படுவார்களோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். நல்ல வேளையாக, நீங்கள் போவது பால் பெருகும் கோடைக்காலம். அப்போது 'வெள்ளை உணவு' என்று அவர்கள் அழைக்கும் தயிர், பாலாடை, வெயிலில் உலர்த்திய தயிர்க்கட்டியான ஆரூல் ஆகியவை தாராளமாகக் கிடைக்கும். ஆரூல் கல்லைப் போன்றது. கடிக்காமல் வாயில் ஊறவிடுங்கள். தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்புதான் இருக்கும், முதல் மடக்கில் முகம் சுளிக்காதீர்கள்.

கிண்ணத்தை நீட்டினால், வலக்கையால் ஏந்தி, இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கியபடி வாங்கிக்கொண்டு, உதட்டளவில் சுவைத்துத் திருப்பித் தந்தாலே மரியாதை நிறைவேறிவிடும். குதிரைப்பாலைப் புளிக்கவைத்த, இலேசான போதையுள்ள ஐராக்குக்கும் இதே முறை போதும். வாங்காமல் கையசைத்து மறுப்பதுதான் தவறாகப்படும். இறைச்சி கலந்த நூடுல்ஸ் சூப்பை மட்டும் இப்படிச் சமாளிக்க முடியாது என்பதால், வழிகாட்டி மூலம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கொஞ்சம் அரிசியும் பருப்பும் கொண்டுசெல்லுங்கள்.

தெற்கு நோக்கிய வாசலில் நிலைப்படியை மிதிக்காமல் நுழைந்து, இடப்பக்கம் அமருங்கள். அதற்கு முன், தொலைவிலிருந்தே 'நொஹோய் ஹோர்' என்று குரல் கொடுங்கள்; 'நாயைப் பிடியுங்கள்' என்பது அதன் பொருள், அந்த நாய்களைப் பார்த்தால் காரணம் புரியும்.