பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் வாடை வருகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை. கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவருக்கு 20 வருடம் தாண்டிய இரண்டு சீட் வண்டி, இன்ஜெக்‌ஷன் இன்ஜின். இரண்டு பட்டறைகளில் காட்டியும் “ஒன்றும் இல்லை, பழைய வண்டி அப்படித்தான்” என்று அனுப்பியிருக்கிறார்கள். பழைய வண்டி அப்படித்தான் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வாடை வந்தால் எங்கோ பெட்ரோல் வெளியே வருகிறது.

கண்டுபிடிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. இன்று இரவு வண்டியை வீட்டை ஒட்டிய ஷெட்டில் அடைக்க வேண்டாம், திறந்த வெளியில் நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை அது விட ஆரம்பித்துவிடும், நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். நம் பக்கம் பல வீடுகளில் போர் மோட்டார் ஸ்டார்ட்டரும் இன்வெர்ட்டரும் கார் ஷெட்டில்தான் இருக்கும். ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தும்போது உள்ளே வரும் சின்னப் பொறியே போதும்.

என் ஊர் கிருஷ்ணகிரி. என்னிடம் இருப்பது சான் ஸ்டார்ம். கோவாவில் தயாரான ஃபைபர் பாடி வண்டி, ரெனோவின் 1,149 சிசி இன்ஜின். பெங்களூரில் ஒருவரிடம் இருந்து ஆசைப்பட்டு வாங்கினேன். வாங்கிய மூன்றாம் மாதம் இதே பிரச்சினை வந்தது. பெங்களூரில் ஒரு பட்டறையில், இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) எல்லாம் மாற்றி பில் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வாடை திரும்ப வந்தது.

அப்புறம் காவேரிப்பட்டணம் ரோட்டில் இருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். பானெட்டைத் திறந்து, சாவியை ஆன் செய்யச் சொல்லி, பம்ப் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் காய்ந்திருந்தது. பிறகு கேட்டார்: “எப்ப வருது தம்பி?” எங்கே வருகிறது என்று கேட்கவில்லை, எப்போது என்றுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. “இரண்டு வாரம் எழுதி வை. டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு, எந்த ரோடு, வண்டி சூடா குளிரா, அவ்வளவுதான்” என்றார்.

எழுதி வைத்தேன். கே.ஆர்.பி. அணைக்குப் போய் வந்த நாட்களில் ஒன்றும் இல்லை. ராயக்கோட்டை போன நாளிலும் இல்லை. சேலத்தில் இருந்து திரும்பிய ஒரு நாள், ஓமலூரில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறும்போது மூக்கைத் துளைத்தது. தருமபுரியில் டீ குடிக்க நிறுத்தியபோதும் இருந்தது. மறுநாள் காலையில் இல்லை. அடுத்த வாரம் அதே கணவாயை அரை டேங்க்கோடு ஏறினேன், சுத்தமாக வாடையே இல்லை.

நோட்டைப் படித்தவுடன் அண்ணன் பின்பக்கம் போய்விட்டார். பம்ப்பில் இருந்து இன்ஜினுக்குப் பிரஷரில் ஓடும் லைன் கசிந்தால் டேங்க்கில் 5 லிட்டர் இருந்தாலும் 40 லிட்டர் இருந்தாலும் கசியும். டேங்க் நிறைந்து, வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது மட்டும் வந்தால், பெட்ரோல் பின்னால் சாய்ந்து டேங்க்கின் மேல்பகுதியைத் தொடுகிறது என்று அர்த்தம். அங்கே முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: பெட்ரோல் ஊற்றும் கழுத்து ஓஸ், அதன் பக்கத்திலேயே போகும் மெல்லிய காற்று ஓஸ், பம்ப் உட்காரும் மூடியின் சீல்.

டிக்கியின் உள் அட்டையைக் கழற்றினோம். பார்வைக்குக் காற்று ஓஸ் நன்றாகத்தான் இருந்தது, கறுப்பாக, முழுசாக. அண்ணன் கட்டை விரலால் அதை மெதுவாக வளைத்தார். கிளிப் பிடித்திருந்த ஓரத்தில், கோடையில் ஏரி மண் வெடித்த மாதிரி வெடிப்புகள் வாயைத் திறந்தன. அடிப்பக்கம் தேநீர்க் கறை போல ஒரு பழுப்புக் கோடு, அதில் மட்டும் தூசி அப்பியிருந்தது. கிளிப்பைத் தளர்த்தியதும் நுனி பிஸ்கட் மாதிரி உடைந்து கையில் வந்தது. உங்கள் வண்டியிலும் சொட்டைத் தேடாதீர்கள், கறையைத் தேடுங்கள். சின்னக் கசிவு தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். அது விட்டுப்போகும் கறைதான் மிச்சம். இதனால்தான் பட்டறைக்குக் கொண்டுபோவதற்கு முன் இன்ஜினை வாட்டர் வாஷ் செய்ய வேண்டாம் என்கிறேன். அடையாளமே போய்விடும்.

“எப்போது” என்ற கேள்வி மற்ற இடங்களுக்கும் வழி காட்டும். காலையில் குளிரில் ஸ்டார்ட் செய்தவுடன் வந்து, இன்ஜின் சூடானதும் நின்றுவிடுகிறதா? இறுகிப்போன ஓ-ரிங்கோ ஓஸ் இணைப்போ குளிரில் சுருங்கி வழி விடுகிறது. ஓசூர்ப் பக்கம் மார்கழியில் இது நன்றாகவே தெரியும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடத்தில் வருகிறதா? இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான இன்ஜெக்டர் ரெயிலையும், டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவையும் அதன் ஓஸ்களையும் பாருங்கள். வாடையோடு, சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் தாமதித்து கறும்புகையும் விட்டால் பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மேல் சந்தேகப்படலாம். அதில் வேக்கம் ஓஸ் (இன்ஜினின் உறிஞ்சலோடு இணையும் மெல்லிய ஓஸ்) இருந்தால் கழற்றிப் பாருங்கள். அதற்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்துவிட்டது. ஆயில் டிப்ஸ்டிக்கையும் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். அதில் பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் அளவும் ஏறியிருந்தால் பெட்ரோல் இன்ஜினுக்குள்ளே இறங்குகிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும்.

சந்தேகமான இணைப்பில் முகப் பவுடரைத் தூவி, சாவியை மட்டும் ஆன் செய்து பம்ப்பை இரண்டு மூன்று தடவை ஓடவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம்கூட பவுடரில் திட்டாகத் தெரியும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஒயர் போட்டுத் தொங்கவிடும் குண்டு பல்பு வேண்டாம், எல்இடி டார்ச் போதும். பட்டறையில் வண்டிக்கு அடியில் நின்று பார்க்கும் குழிக்குள் இறங்க வேண்டாம், ஆவி அங்கேதான் தேங்கும். உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். எதையாவது கழற்றுவதாக இருந்தால், முதலில் பம்ப் ஃபியூஸை எடுத்து, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். லைனில் 3 பார் அளவில் பிரஷர் நிற்கும், சும்மா பிடுங்கினால் முகத்தில் அடிக்கும்.

இந்தப் பிரச்சினை இப்போது நிறைய வண்டிகளில் வருவதற்கு எத்தனாலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் பெட்ரோல் பங்க்குகளில் வர ஆரம்பித்தது. 90களில் செய்த வண்டிகளின் ரப்பர் பலதும் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. அந்த ரப்பர் எத்தனாலில் ஊறினால் வீங்கும், வண்டி நின்று காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மாதத்தில் ஒரு நாள் மட்டும் வெளியே எடுக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இது இன்னும் மோசம். அதனால் ஒரு ஓஸ் போயிருந்தால், அதே வயதுள்ள மற்றவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது ஓஸ் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பிரஷர் லைனுக்கு எஸ்ஏஇ 30ஆர்9 (SAE 30R9) என்ற தர எண் இருக்க வேண்டும். 30ஆர்7 என்பது கார்புரேட்டர் மாதிரி குறைந்த பிரஷருக்கு. டேங்க்குக்குள்ளே பெட்ரோலில் மூழ்கி இருக்கும் துண்டுக்கு 30ஆர்10. பைக்குக்குப் போடும் பிளாஸ்டிக் டியூப் எதற்கும் ஆகாது. வெடிப்பின் மேல் சீலண்ட் பூசித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை அங்கே விடாதீர்கள். எனக்கு ஓஸும் இரண்டு கிளிப்பும் சேர்ந்து 300 ரூபாய்கூட ஆகவில்லை.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது இதுதான். முதலில் இன்ஜின் பக்கம் பவுடர் போட்டுப் பாருங்கள். அங்கே எங்காவது ஈரம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், வேறு வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள். பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது, அதிலும் ஃபைபர் பாடி என்றால் தீ பிடித்தால் நிற்காது. எல்லாம் காய்ந்திருந்தால் கால் டேங்க்கோடு ஒரு தடவை, நிரப்பி ஒரு தடவை, ஒரே மேட்டு ரோட்டில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். எதில் வாடை வந்தது என்று இங்கே எழுதுங்கள், அடுத்து எதைக் கழற்றுவது என்று பார்க்கலாம்.